மணிக்கு 25 டாலர் வருகிறது, ஐ.டி. வேலையை விடலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 31 வயது. ஐ.டி.யில் 8 வருட அனுபவம். ஜாவா, ஸ்பிரிங் பூட், ஏ.டபிள்யூ.எஸ். தெரியும். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் 4 வருடம் 3 மாதமாக இருக்கிறேன். சி.டி.சி. (கம்பெனி எனக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) 16 லட்சம், அதில் பேசிக் மாதம் 50,000, செயல்பாட்டைப் பொறுத்து வரும் வேரியபிள் வருடத்துக்கு 1.2 லட்சம். கைக்கு மாதம் ஒரு லட்சம் சொச்சம். நோட்டீஸ் பீரியட் 90 நாள். முன்பு எங்கள் கிளையன்ட் பக்கம் இருந்த ஒரு மேனேஜர் இப்போது அமெரிக்காவிலேயே வேறொரு சிறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார். "வாரம் 30 மணி நேரம், மணிக்கு 25 டாலர், ஃப்ரீலான்ஸாக வா" என்கிறார். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 33 லட்சம்! சொந்த ஊர் நாமக்கல்லுக்கே போய்விடலாம் என்றும் ஆசை. வீட்டுச் செலவு மாதம் 70,000. கையிருப்பு 4 லட்சம். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்திருக்கிறது. என் கம்பெனி இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறார். முதலில் மூன்று மாதம் இரவில் மட்டும் செய்து பார்க்கலாமா? சரிப்படாவிட்டால் திரும்ப வேலைக்கு எடுப்பார்களா என்று மனைவி கேட்கிறார்.

பதில்: இந்த மாதம் ராஜினாமா கொடுக்க வேண்டாம். வந்திருக்கும் வாய்ப்பு மோசமானது என்பதால் இல்லை. அது நல்ல வாய்ப்புதான். ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது மணிக்கு எவ்வளவு என்ற எண்ணை. பார்க்க வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் உறுதியாக பில் ஆகும் என்பதை. அந்த மேனேஜர் இதுவரை எழுத்தில் எதுவும் தரவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

33 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 30 மணி நேரம், 52 வாரம், 25 டாலர், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 33.15 லட்சம். இதில் தீபாவளி இல்லை, காய்ச்சல் இல்லை, கிறிஸ்துமஸை ஒட்டி அமெரிக்க அலுவலகங்கள் இரண்டு வாரம் மந்தமாவது இல்லை, "அடுத்த ரிலீஸ் தள்ளிப்போகிறது, இந்த மாதம் 15 மணி நேரம் போதும்" என்ற மெயிலும் இல்லை. ஒரே கிளையன்ட்டை வைத்துத் தனியாக வேலை செய்கிறவருக்கு ஓரளவு நல்ல ஆண்டில் 1,150 மணி நேரம் பில் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 85 ரூபாயில் 24.44 லட்சம்.

இப்போது உங்கள் வேலையின் உண்மையான மதிப்பு. 16 லட்சத்தில் கம்பெனி கட்டும் பி.எஃப். 72,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு சுமார் 28,850. இவை போக மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 14.99 லட்சம். புதிய வரி முறையில் 75,000 நிலைக்கழிவு போக வரியும் செஸ்ஸும் சேர்ந்து 97,400 அளவில் வரும். உங்கள் பங்கு பி.எஃப். 72,000, தொழில் வரி 2,500. ஆக, வேரியபிள் முழுதாக வந்தால் கைக்கு ஆண்டுக்கு 13.27 லட்சம். பி.எஃப். இரு பங்கும் உங்கள் பணம்தான், கிராஜுவிட்டியும் அப்படியே. சேர்த்தால் 15 லட்சம். இதுதான் ஒப்பிட வேண்டிய எண். மாதாமாதம் பேங்கில் விழும் தொகை இல்லை.

ஃப்ரீலான்ஸ் பக்கம் செலவுகளைக் கழிப்போம். பணம் இந்தியாவுக்கு வரும்போது கட்டணத்திலும் மாற்று விகிதத்திலும் சேர்த்து 2 சதவீதம் போகட்டும். நிலையான செலவுகள்: ஆடிட்டருக்கும் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும் 30,000, லேப்டாப் தேய்மானம் 50,000, இரண்டு இன்டர்நெட் இணைப்பு, யு.பி.எஸ்., மென்பொருள் சந்தாக்கள் 50,000, குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் மருத்துவக் காப்பீடு 90,000. மொத்தம் 2.2 லட்சம். இவை மதிப்பீடுகள்தான், காப்பீட்டுத் தொகை அப்பாவின் உடல்நிலையால் கூடலாம். 1,150 மணி நேர ஆண்டில் வரியும் போகக் கையில் நிற்பது சுமார் 21.5 லட்சம். வேலையைவிட ஆறரை லட்சம் அதிகம்.

அதே கிளையன்ட் ஏழாவது மாதத்தில் நிறுத்திவிட்டார், அடுத்தவரைப் பிடிக்க மூன்று மாதம் ஆனது என்று வையுங்கள். 750 மணி நேரம் மட்டும் பில் ஆகும். 15.94 லட்சம் வரும், செலவு போக 13.4 லட்சம் நிற்கும். வேலையைவிடக் குறைவு.

இரண்டுக்கும் நடுவில் சமமாகும் இடம் ஒன்று உண்டு. இந்த விகிதத்தில் அது சுமார் 830 மணி நேரம், அதாவது வாரம் 30 மணி வீதம் 28 வாரம். ஆறரை மாதம் முழு வேலை கிடைத்தால் உங்கள் சம்பளத்துக்குச் சமம். அதற்கு மேல் வருவது லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் 25 டாலரை 28 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட, 830 மணி நேரத்தில் எவ்வளவை எழுத்தில் வாங்க முடியும் என்பதில் பேரத்தை வையுங்கள்.

அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "முதல் ஆறு மாதத்துக்கு மாதம் குறைந்தபட்சம் 120 மணி நேரம். வேலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதற்கு பில் போடுவேன். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் முறித்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு." வாரம் 30 மணி என்றால் மாதம் 130 வரும், 120 என்பது அவர் சொன்னதைவிடக் குறைவு. ஆறு மாதத்துக்கு 720 மணி நேரம் ஆகிவிட்டது. மீதி ஆறு மாதத்தில் 110 மணி நேரம் எங்கிருந்து வந்தாலும் போதும். சொன்ன வார்த்தையில் அவருக்கே நம்பிக்கை இருந்தால் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார். "எங்கள் பட்ஜெட் காலாண்டுக்கு ஒருமுறைதான் முடிவாகும்" என்று பதில் வந்தால் அதுவும் பயனுள்ள தகவல்தான். உங்களிடம் 33 லட்ச ரூபாய் வாய்ப்பு இல்லை, மூன்று மாத வாய்ப்பு இருக்கிறது என்று பொருள்.

ஒப்பந்தத்தில் பணம் எப்போது வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதக் கடைசியில் இன்வாய்ஸ், 45 நாளில் பணம் என்று ஒப்புக்கொண்டால், முதல் தேதி தொடங்கிய வேலைக்கு மூன்றாவது மாத நடுவில்தான் முதல் காசு பார்ப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் உங்களுக்குத் தர வேண்டியது ஏறக்குறைய 320 மணி நேரம், 8,000 டாலர், 6.8 லட்ச ரூபாய். அந்த நிறுவனம் அன்று மூடப்பட்டால் நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவில் வழக்குப் போட்டு அதை வசூலிக்கப் போவதில்லை. வக்கீல் செலவே அதைத் தாண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் எந்த நீதிமன்றம் என்று எழுதுவதைவிட, பாக்கி சிறிதாக இருப்பதே பாதுகாப்பு. மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் இன்வாய்ஸ். 15 நாளில் பணம். ஒரு இன்வாய்ஸ் 10 நாள் தாண்டினால் வேலையை நிறுத்தும் உரிமை. இப்படி வைத்தால் சிக்கினாலும் மூன்று நான்கு லட்சத்துக்குள் நிற்கும். முடிந்தால் முதல் இரண்டு வார வேலைக்கு முன்பணம் கேளுங்கள். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம், பணம் தருவது அவர் இல்லை, அவருடைய நிறுவனத்தின் கணக்குப் பிரிவு.

இன்னும் இரண்டு விதிகளை விடாமல் சேருங்கள். நீங்கள் எழுதும் கோட் முழுப் பணமும் வந்த பிறகே அவர்களுக்குச் சொந்தமாகும் என்பது ஒன்று. இந்தியப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வேலையில் இருப்பவர் வேலைக்காக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். தனியாக எழுதுகிறவர் எழுதியது, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அவருக்கே சொந்தம். இந்தப் பிடியை முதல் நாளே கொடுத்துவிட வேண்டாம். இரண்டாவது, தவறு நேர்ந்தால் உங்கள் பொறுப்பு கடைசி மூன்று மாதத்தில் நீங்கள் வாங்கிய தொகையைத் தாண்டாது என்ற வரம்பு. அமெரிக்க நிறுவனங்கள் அனுப்பும் மாதிரி ஒப்பந்தங்களில் "எல்லா நஷ்டத்தையும் ஈடுசெய்வேன்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஒரு டேட்டா கசிவு நடந்தால் அந்த வரி உங்கள் வீட்டை விலைகேட்கும்.

அப்பாவின் காப்பீட்டுக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது டாலரைவிட இதுதான். கம்பெனி குரூப் பாலிசிகளில் பெற்றோரைச் சேர்க்கும்போது ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகக் காத்திருப்புக் காலம் கிடையாது. உங்கள் கடைசி வேலைநாளோடு அது முடிகிறது. வெளியில் புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தால் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் 36 மாதம் வரை காத்திருப்பு வைக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விதி அனுமதிக்கிறது. ஸ்டென்ட் வைத்த 64 வயதுக்காரரைச் சில நிறுவனங்கள் எடுக்கவே மாட்டா. எடுத்தாலும் பிரீமியத்தை ஏற்றியோ, ஒவ்வொரு கிளெய்மிலும் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடோ எடுக்கும்.

ஒரு வழி உண்டு. குரூப் பாலிசியில் இருப்பவர் வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். குரூப்பில் கழிந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். ஆனால் மாற்றித் தருமுன் அவர்கள் உடல்நிலையைப் பரிசீலிப்பார்கள், மறுக்கவும் செய்யலாம். ஆகவே ராஜினாமாவுக்குப் பிறகு விசாரிப்பது பயனில்லை. இந்த வாரமே ஹெச்.ஆரிடம் பாலிசி எண்ணையும் காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பு நபரையும் கேட்டு வாங்குங்கள். "விடப் போகிறாயா" என்று சந்தேகப்படுவார்கள் என்றால் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே எழுதுங்கள். ஸ்டென்ட், சர்க்கரை, மாத்திரை எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில்தான் செல்லாது என்று தெரியவரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் முன்பு வாங்கிய கொட்டேஷன்களை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். மனைவி வேலையில் இருந்தால் அவருடைய கம்பெனி குரூப் பாலிசியில் மாமனார், மாமியாரைச் சேர்க்க இடமுண்டா என்றும் பாருங்கள், சிலவற்றில் உண்டு. 70 வயது முடிந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் 5 லட்ச ரூபாய் தரும் ஆயுஷ்மான் பாரத் அட்டை அப்பாவுக்குக் கிடைக்க இன்னும் ஆறு ஆண்டு இருக்கிறது.

எந்த வழியும் சரிப்படவில்லை என்றால், மூன்று ஆண்டு காத்திருப்பு முடியும்வரை அவருக்கென்று தனியாக மூன்று நான்கு லட்சம் தொடாமல் வைக்க வேண்டும். உங்கள் மொத்தக் கையிருப்பே 4 லட்சம். அதற்கு மேல் ஆறு மாத வீட்டுச் செலவு 4.2 லட்சம் வேண்டும். கணக்கு இங்கேயே இடிக்கிறது. அதனால் இன்னும் ஆறு மாதமாவது வேலையில் இருந்து இந்த இடைவெளியைக் குறைத்துவிட்டு, பிறகு ராஜினாமா கொடுங்கள்.

காத்திருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அதுவும் ஐந்து ஆண்டாகக் கொள்ளப்படும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சில கம்பெனிகள் ஐந்து முழு ஆண்டைத்தான் ஏற்கும். தகராறு செய்ய விருப்பமில்லாவிட்டால் ஐந்தையும் முடித்துவிடுங்கள். ஆண்டுக்கு 15 நாள் பேசிக், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் தொகை: 50,000 × 15 ÷ 26 × 5 = சுமார் 1.44 லட்சம். நோட்டீஸ் காலமும் பணிக்காலமே. இன்னும் ஆறு மாதமும் சில நாளும் கழித்து ராஜினாமா கொடுத்தால், 90 நாள் நோட்டீஸோடு ஐந்து ஆண்டு முடிந்தே வெளியேறுவீர்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்க வேண்டாம். முந்தைய கம்பெனிக் கணக்கையும் இப்போதைய யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். எண்ணுக்கு மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றியிருந்தால் பழைய பணிக்காலமும் சேரும். மொத்தம் ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. அப்படியே விட்டால் வட்டி தொடரும், ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. பி.எஃப்.போடு இணைந்த 7 லட்சம் வரையிலான உயிர்க் காப்பீடும் வேலையோடு போய்விடும். டெர்ம் இன்ஷூரன்ஸ் இல்லையென்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே எடுங்கள். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தாலும் அப்படியே. சம்பளக்காரருக்கு மூன்று மாதச் சீட்டும் ஃபார்ம் 16உம் போதும்; சுயதொழில் செய்கிறவரிடம் பேங்க் இரண்டு மூன்று ஆண்டு வரித் தாக்கலைக் கேட்கும்.

இரவில் மட்டும் மூன்று மாதம் செய்து பார்ப்பது பற்றி: வேண்டாம். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள். "வேறு எந்த வேலையும், ஊதியத்துக்கோ ஊதியமின்றியோ" என்ற வரி அநேகமாக இருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதை அதன் தலைவரே மேடையில் சொன்னார். அதே ஆண்டு இன்ஃபோசிஸ் முன்அனுமதி பெற்று வெளி வேலை செய்ய இடம் கொடுத்தது. ஆனால் தனக்கோ தன் கிளையன்டுகளுக்கோ போட்டியான நிறுவனங்களுக்குக் கூடாது என்றது. உங்கள் கம்பெனியில் அப்படி ஏற்பாடு இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கேட்காமல் செய்தால் வேலை போவதோடு ரிலீவிங் லெட்டரும் சிக்கலாகும். புதிய கிளையன்டுக்கும் ஆபத்து. வேலையில் இருந்தபோது எழுதிய கோட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வரும். அந்த நிறுவனம் நாளைக்கு முதலீடு திரட்டும்போது வக்கீல்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

வெளியே வந்த பிறகு பழைய கம்பெனி தடுக்க முடியுமா? 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டபின் அதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் செல்லாது. ரகசியக் காப்பு நிபந்தனை செல்லும். கிளையன்டை இழுக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் சில சூழல்களில் பலம் உண்டு. அந்த மேனேஜர் இப்போது வேறு நிறுவனத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது. அந்தச் சிறு நிறுவனம் உங்கள் பழைய கிளையன்டின் துணை நிறுவனம் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய கம்பெனியின் கோட் ஒரு வரிகூட உங்கள் லேப்டாப்பில் இருக்கக் கூடாது.

வரிப் பக்கம் உங்களுக்குச் சாதகம் அதிகம். தகவல் தொழில்நுட்பம் அறிவிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று என்பதால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு தரும் எளிய முறையில் போகலாம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான்.) ஆண்டு வரவு 50 லட்சம் வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை, வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம், தணிக்கை தேவையில்லை. 24.44 லட்சத்தில் பாதி 12.22 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, கொஞ்சம் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற சலுகையும் உண்டு. ஆக வரி சுமார் 22,750தான். இதே சலுகை பேங்க் வாசலில் எதிராகத் திரும்பும்: 24 லட்சம் சம்பாதித்தாலும் கடன் கேட்கும்போது உங்கள் வருமானம் 12 லட்சம்.

வெளிநாட்டு கிளையன்ட் டி.டி.எஸ். (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிக்க மாட்டார். அதனால் முன்கூட்டிய வரியை நீங்களே கட்ட வேண்டும். 44ஏடிஏவில் இருப்பவருக்கு ஒரே தவணை, மார்ச் 15. தவறினால் வட்டி. அமெரிக்கப் பக்கம் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்பார்கள். பான் எண்ணை எழுதிக் கொடுங்கள். வேலை முழுவதும் இந்தியாவிலிருந்தே நடப்பதால் அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை.

ஜி.எஸ்.டி.யில்தான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஏற்றுமதிக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்டுப் பதிவே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். வரி பூச்சியம் என்பது சரி. ஆனால் ஏற்றுமதி வரவும் 20 லட்ச வரம்புக் கணக்கில் சேரும். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்ததும் எல்.யு.டி. எனப்படும் உறுதிமொழியை ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் போர்ட்டலிலேயே போட வேண்டும், கட்டணம் இல்லை. அது நிதியாண்டோடு முடிவதால் ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் 18 சதவீதத்தை முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். நடுவில் ஓர் இந்திய கிளையன்ட் வந்தால் அவருக்கு 18 சதவீதம் போட்டுத்தான் இன்வாய்ஸ் கொடுக்க வேண்டும்.

பணம் வரும் வழியும் முக்கியம். சில சிறு நிறுவனங்கள், வெளிநாட்டில் இருப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்பும் ஆப்பில் உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் போட்டுவிடுவார்கள். பேங்கில் அது குடும்பப் பராமரிப்பு என்று பதிவாகும். பிறகு இது ஏற்றுமதி வரவு என்று ஜி.எஸ்.டி. அதிகாரிக்கு நிரூபிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும். தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள், மென்பொருள் ஆலோசனைக்கான பி0802 என்ற நோக்கக் குறியீட்டில் பணம் வரட்டும், ஒவ்வொரு வரவுக்கும் பேங்க் தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை இன்வாய்ஸோடு சேர்த்து வையுங்கள்.

இந்திய கிளையன்டுகளும் வந்தால் குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். பதிவுள்ள குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதித்தால் பேங்க் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. அதைவிட வேலை செய்வது இன்னொன்று: உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாக அவர் கழிக்க முடியாது. மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு மெயில் போட்டால் அவருடைய ஆடிட்டரே பணத்தை அனுப்பச் சொல்வார். ஒரு எச்சரிக்கை: "கன்சல்டன்ட்" என்று பெயர் வைத்துக் காலை 9 முதல் மாலை 6 வரை உட்கார வைத்து, 10 சதவீத டி.டி.எஸ். மட்டும் பிடித்து, பி.எஃப்., விடுப்பு எதுவும் தராத இடங்கள் நம் ஊரில் நிறைய. அது ஃப்ரீலான்ஸ் இல்லை, உரிமைகளைக் கழித்துக்கொண்ட உத்தியோகம்.

நாமக்கல்லிலிருந்து வேலை செய்வதில் தடை ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய அலுவலகம் எந்தக் கரையில் என்று கேளுங்கள். நியூயார்க் காலை 9 மணி, கோடையில் நமக்கு மாலை 6.30, நவம்பரில் கடிகாரம் மாறியதும் 7.30. கலிஃபோர்னியா என்றால் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. தினமும் மூன்று மணி நேரம் அவர்களோடு இருக்க வேண்டும் என்றால் முதலாவதில் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும், இரண்டாவதில் தூக்கமே போகும். இரண்டு இன்டர்நெட் இணைப்பு எடுக்கும்போது இரண்டும் ஒரே கம்பத்தில் வரும் கேபிளாக இல்லாமல், ஒன்று ஃபைபர், மற்றொன்று 5ஜி என்று இருக்கட்டும்.

தொழில் வளர்ச்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரே சிறு நிறுவனத்துக்கு இரண்டு ஆண்டு எழுதினால் அந்த ஒரு அப்ளிகேஷன்தான் உங்கள் உலகம். நீங்கள் எழுதும் கோட் சரியா என்று பார்த்துத் திருத்த சீனியர் இருக்க மாட்டார், பெரிய அளவு டிராஃபிக்கைத் தாங்கும் சிஸ்டம் கையில் வராது. ஆறாவது மாதத்திலிருந்தாவது வாரம் ஐந்து மணி நேரம் இரண்டாவது கிளையன்டைத் தேடுவதற்கு ஒதுக்குங்கள். அப்வொர்க் போன்ற தளங்களில் கமிஷன் போகும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம், முதல் இரண்டு மூன்று மதிப்புரைகளுக்கு அது விலை. முழு சிஸ்டமாக எடுக்காமல் எல்லை தெரிந்த வேலைகளை எடுங்கள்: ஒரு பேமென்ட் இணைப்பு, ஏ.டபிள்யூ.எஸ். பில்லைக் குறைப்பது, பழைய ஸ்பிரிங் பதிப்பைப் புதியதுக்கு மாற்றுவது. உங்கள் அனுபவத்துக்கு இவை பொருந்தும், முடிவும் தெளிவாகத் தெரியும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: எடுப்பார்கள், காகிதம் இருந்தால். திரும்ப வேலைக்குச் சேரும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும் ஏஜென்சிக்கு உங்கள் திறமை தெரியாது. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை என்ன செய்தீர்கள் என்பதற்குச் சான்று மட்டுமே வேண்டும். இப்போதைய கம்பெனியின் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி ஃபார்ம் 16 மூன்றையும் விடும் நாளில் வாங்கிவிடுங்கள். பிறகு கிளையன்ட் ஒப்பந்தம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்று, ஆண்டுதோறும் வரித் தாக்கல் நகல், இன்வாய்ஸ்கள், அதற்கு ஈடான பேங்க் ஸ்டேட்மென்ட். ஒவ்வொரு கிளையன்டும் முடியும்போது, நீங்கள் செய்த வேலையையும் காலத்தையும் குறித்து அவர்களுடைய அலுவலக மெயிலிலிருந்தே ஒரு கடிதம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், கேட்டவுடன் எழுதித் தரக்கூடிய அந்த மேனேஜர் மறுபடியும் வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார்.